கோலிக்குண்டும் சிறுவர் சட்டமும்

சிறிய கண்ணாடி உருண்டை ஒன்றுக்கு எத்தனை பெயர்கள்! கோலி என்பார் சிலர். கோலிக்குண்டு என்பார் சிலர். பளிங்கு என்பாரும், வெறுமனே குண்டு என்பாரும் உளர். போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்டு, போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலமலைச் சரிவுகளில் செல்வோர் மலையாள மொழியின் எல்லைக்குள் புகுகின்றனர். அம்மொழியில் கோலி என்னும் பெயரோடு வட்டு என்னும் பெயரும் உண்டு. மலபார்ப் பக்கத்தில் கோட்டி என்பர். தெலுங்கரும் கன்னடியரும் கோலி என்றே வழங்குவர். இந்தியில் கோலி என்பது மருந்து மாத்திரைக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் பெயர். நோய் தீர்க்கும் பொருளும், உயிர் பறிக்கும் பொருளும், சிறுவன் கால்சட்டைப் பையில் கலகலக்கும் பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டமை வியப்பே.

1872-ஆம் ஆண்டில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிக் குண்டையே அடைப்பானாகக் கொண்ட சோடாப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியினுள் இருக்கும் வாயுவின் அழுத்தம் குண்டை மேல்நோக்கித் தள்ளி வாயை அடைத்துவிடும். அப்புட்டி நம் நாட்டில் கோலி சோடா ஆயிற்று. உடைந்த புட்டியிலிருந்து உருண்டோடிய குண்டுக்காகக் கடைவாயிலில் காத்துக் கிடந்த சிறுவர் பலர்.

பொருளின் பெயர்கள் இவ்வாறிருக்க, ஆட்டத்தின் சொற்களே நம் கருத்தை மிகவும் ஈர்க்கின்றன. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலில் கோலியாட்டத்துக்கும் இடமளித்தார். மொழியறிஞர் ஒருவர் சிறுவர் ஆட்டத்தைப் பொருட்படுத்தியதற்குக் காரணம் உண்டு. இச்சொற்களைக் கூர்ந்து நோக்கினால், பெரியவர் உதவியின்றிச் சிறுவர் தாமே இயற்றிக்கொண்ட ஒரு சட்டநூல் அவற்றுள் மறைந்திருப்பது புலனாகும்.

முதலில் ‘சாண்’. குழிக்கும் குண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை விரல்களை விரித்து அளப்பர். நெட்டையன் சாண் பெரிது, குட்டையன் சாண் சிறிது என்னும் வழக்கு உடனே எழும். யார் கையால் அளப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்வர். நீதிமன்றத்தின் முதற்பாடம் இதுவே.

அடுத்தது ‘அழுகுணி’. தோல்வியை ஏற்காமல் சண்டையிடுபவனுக்கும், கள்ளத்தனமாய்க் குண்டை நகர்த்துபவனுக்கும் அப்பட்டம் கிடைக்கும். அப்பட்டம் பெற்றவனை மறுநாள் எவரும் ஆட்டத்துக்கு அழையார். அபராதமும் சிறையும் இல்லாத இத்தண்டனைக்கு அஞ்சாத சிறுவன் இல்லை. பின்னர் ‘காய்’ விடுதல். அதாவது, உறவை முறித்தல். அதற்கு மாற்றாகப் ‘பழம்’ விடுதல், அதாவது, ஒப்புரவாதல். காயாக இருந்தது கனிய வேண்டும் என்று சிறுவர் கண்டுகொண்டதைக் குடும்பங்களில் ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் அண்ணன் தம்பியர் கவனிப்பார்களாக.

எல்லாவற்றிலும் மேலானது ‘ஒப்புக்குச் சப்பாணி’. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னஞ்சிறு தம்பியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வர். அவனும் குண்டை உருட்டுவான். ஆயினும் அவன் தோல்வி கணக்கில் வராது. அவன் குண்டை எவரும் பறிக்கமாட்டார்கள். உடற்குறையைச் சுட்டும் அச்சொல் நமக்கு உவப்பானதன்று. ஆனால் அது குறிக்கும் ஏற்பாடு மிக உயர்ந்தது. வலியவர் ஆடும் களத்தில் எளியவனுக்கும் இடம் உண்டு, அவன் தகுதியைக் கேட்க வேண்டாம் என்பதே அதன் பொருள்.

பிற நாட்டுச் சிறுவரிடமும் இத்தகைய சொற்கள் உள்ளன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் திருநீற்றுப் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி நண்பகல் வரை கோலிப் பருவம் என்னும் பழவழக்கு இருந்தது. அங்கு டின்ஸ்லி கிரீன் என்னும் சிற்றூரில், பெரிய வெள்ளியன்று கோலிப் போட்டி நடத்தும் வழக்கம் 1932 முதல் நிலைபெற்றது. ஆறடி வட்டத்துள் 49 குண்டுகளை வைப்பர். அடிக்கும் குண்டுக்கு ‘டாலி’ என்று பெயர். அடிக்கும்போது கையை முன்னே தள்ளுவது ‘ஃபட்ஜிங்’. குண்டு நின்ற இடத்தை விட்டு வேறிடத்திலிருந்து அடிப்பது ‘கேபேஜிங்’. இரண்டும் குற்றம். நம்மூர் அழுகுணிக்கு அங்கும் உறவினர் உளர்!

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே, 1932-இல் வெளியிட்ட தம் நூலுக்காகக் கோலியாடும் சிறுவரிடம் அமர்ந்து, தமக்கு ஆட்டம் கற்பிக்குமாறு வேண்டினார். நெஷாத்தெல் நகரச் சிறுவர் ‘மார்பர்’ என்றதை ஜெனீவாச் சிறுவர் ‘மாப்பி’ என்றனர். மிகச் சிறியோர் விதிகளை மாற்றவே கூடாத பெரியோர் கட்டளை என்று கருதினர். ஆயினும் ஆடும்போது தம் மனம்போல் ஆடினர். பத்து, பன்னிரண்டு வயதை எட்டியவரோ, அனைவரும் ஒப்பினால் விதியை மாற்றலாம் என்றனர். ஒப்பிய விதியை வழுவாமல் காத்தனர். அஞ்சிப் பணிந்த விதியைக் காட்டிலும் தாமே பேசி ஏற்ற விதியையே அவர்கள் உண்மையாய்க் கடைப்பிடித்தனர். பிள்ளைகளை வளர்ப்போர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

புனித அகுஸ்தினாரும் தம் ‘ஒப்புதல்’ நூலில், சிறுவயதில் ஆட்டத்தில் ஏமாற்றி வென்றதையும், பிறர் ஏமாற்றியபோது தாம் சீறியதையும் ஒளிக்காமல் எழுதினார். அன்று கொட்டைகளுக்கும் சிறு பந்துகளுக்கும் செய்த வஞ்சனை, வளர்ந்தபின் பொன்னுக்கும் நிலத்துக்குமாகத் தொடர்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ஏலக்காயைச் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பருமன் பிரித்து விலை பேசும் நம் ஊரில் அதனை விளக்கவும் வேண்டுமோ? காயின் மேல் செயற்கைப் பச்சை ஏற்றி விற்பவன் வளர்ந்துவிட்ட அழுகுணியே.

கோலி சூதாட்டத்துக்கு வழி என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அவ்வச்சம் முற்றும் பொய்யன்று; காசு வைத்து ஆடுவதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தையே தடுத்தால் பிள்ளை எங்கே செல்கிறான்? விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் தாய்தந்தையர் பொழுது சாயவே திரும்புகின்றனர். அதுவரை பல வீடுகளில் பிள்ளைக்குத் துணை கைப்பேசியே. அதிலுள்ள ஆட்டத்தில் கணக்கை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. அங்கே சாண் அளக்க வேண்டியதில்லை. வழக்காடி இணங்க வேண்டியதில்லை. தோற்றவன் முகம் கண்ணில் படுவதில்லை. தம்பிக்கு அங்கே இடமும் இல்லை.

ஆகவே விடுமுறை நாளிலேனும் தெருவோரத்தில் மூன்று குழிகள் தோண்டப் பிள்ளைகளை விடுங்கள். சட்டையில் புழுதி படியட்டும். சச்சரவு எழுந்தால் உடனே ஓடிச்சென்று தீர்ப்புக் கூறாதீர்கள்; சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். காய் விட்டவன் பழம் விடுவதையும், மூக்கொழுக நிற்கும் சிறியவனுக்கு ஒருவன் தன் குண்டைக் கொடுப்பதையும் நீங்களே காண்பீர்கள்.