பங்காளியா, பண்டமா? – புலப்பெயர்வு ஒப்பந்தங்களை நோக்கிச் சில வினாக்கள்

புலப்பெயர்வு பற்றிய பேச்சிலே அண்மைக் காலத்திற் பெருவழக்குப் பெற்றுள்ள சொற்களுள் ‘பங்குடைமை’ என்பதும் ஒன்றாகும். செல்வந்த நாடுகளின் அமைச்சர்கள் வறிய நாடுகளின் தலைநகரங்களுக்கு வருங்கால் இச்சொல்லையே முன்வைக்கின்றனர். வறிய நாடுகளின் அமைச்சர்களும் அதனை வழிமொழிகின்றனர். புலப்பெயர்வு, அபிவிருத்தி, மனித உரிமை என்னும் மூன்றும் இதன்கீழ் ஒரே மூச்சிற் கூறப்படுகின்றன. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயின் எந்தக் கூட்டு வியாபாரத்திலும் முதலிற் கேட்கப்படும் வினா, பங்காளிகள் யாவர் என்பதே. கண்டங்களுக்கிடையிலான இவ்வொப்பந்தங்களில் ஒப்பமிடுவோர் இரண்டு அரசுகள் மாத்திரமே. கடல் கடக்கும் மனிதர் ஒப்பமிடுவதில்லை. அவரிடம் எவரும் கருத்துக் கேட்பதுமில்லை. ஒப்பந்தத்திற் கைமாறும் பொருளாகவே அவர் கருதப்படுகின்றார். இந்நிலை மாறாதவரை ‘பங்குடைமை’ என்பது கொள்வனவுக்கும் விற்பனைக்கும் இடப்பட்ட அலங்காரப் பெயரேயன்றி வேறில்லை.

இவ்வினாவைக் கோப்பாய் போன்றதோர் ஊரிலிருந்து எழுப்புவதற்கு நியாயமுண்டு. செம்மண்ணும் கிணற்று நீரும் உழைப்பும் சேர்ந்து புகையிலையும் வெங்காயமும் விளைவித்த ஊர் அது. தனது ஆசிரியர் கலாசாலையிற் பயிற்றிய ஆசிரியரைப் பல பாடசாலைகளுக்கும் வழங்கிய ஊர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே அது மனிதரையும் ஏற்றுமதி செய்து வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குடாநாட்டின் ஆங்கிலங் கற்ற இளைஞர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் சென்றனர். 1983 யூலையின் பின்னர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளை நோக்கி அகதிகளாகச் சென்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு மருத்துவரும் தாதியரும் விரிவுரையாளரும் கூலியாட்களும் ஒருங்கே வெளியேறலாயினர். பேரப்பிள்ளைகளின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மாத்திரம் காணும் முதியோர் பெரிய வீடுகளுக்குக் காவலிருக்கும் காட்சி இன்று குடாநாட்டில் எவருக்கும் புதிதன்று.

மலாயா சென்றோர் குடியேற்ற ஆட்சியின் ஊழியர். அவ்வாட்சியைப் புகழவேண்டிய தேவை எவருக்குமில்லை. அதே மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழகத் தொழிலாளர் அதன் மறுமுகத்தைக் கண்டனர். எனினும் ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்று ஊர் மீண்டவர் தமது ஓய்வூதியத்தையும் உடன்கொண்டே மீண்டார். ‘மலாயாப் பென்சன்காரர்’ என்றதொரு பிரிவினரே யாழ்ப்பாணச் சமூகத்தில் உருவாயினர். அவர்தம் உரிமை அவரோடு கூடக் கடல் கடந்தது. இன்று குவைத்திலோ றியாத்திலோ இருபது ஆண்டுகள் உழைத்து மீளும் வீட்டுப் பணிப்பெண்ணோடு கடல் கடப்பது அவரது பயணப்பெட்டி ஒன்றே. ஏகாதிபத்தியம் தன் எழுதுவினைஞருக்கு அளித்ததைத்தானும் பங்குடைமை பேசும் இக்காலம் தன் பணிப்பெண்ணுக்கு அளிக்கவில்லை.

மனிதரைக் கேளாமலே மனிதரைப் பங்கிடும் ஒப்பந்தத்துக்கு இலங்கையில் வாழ்வோர் வெளியே உதாரணந் தேடவேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர் பற்றி 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தஞ் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்ணிக்கை முடிவான பின்னரே விண்ணப்பப் படிவம் அம்மக்களின் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைச் செடியோடு வாழ்ந்தவரிடம், எங்கே வாழ விரும்புகின்றீர் என்ற வினா முதலிற் கேட்கப்படவில்லை. இரு அரசுகளும் அதனை நட்புறவின் வெற்றியென்றே கொண்டாடின. அரசுகளின் நட்புறவு வேறு, மனிதரின் நலன் வேறு என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மேற்காசிய நாடுகளுடனான தொழிலாளர் தொடர்பும் இதே அச்சில் வார்க்கப்பட்டதே. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990 இல் ஐக்கிய நாடுகள் சபை, புலம்பெயர் தொழிலாளர் அனைவரதும் அவர்தம் குடும்பத்தினரதும் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நிறைவேற்றியது; 1996 இல் இலங்கை அதில் இணைந்தது. ஆயின் தொழிலாளரைப் பெறும் வளைகுடா அரசுகளுள் எதுவும் அதில் இணையவில்லை. மேற்கு ஐரோப்பிய அரசுகளும் ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் இணையவில்லை. அனுப்புவோர் மாத்திரம் ஒப்பமிட்டு, பெறுவோர் ஒதுங்கி நிற்கும் சமவாயம் யாரைக் காக்கும்?

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை அது காக்கவில்லை. வயதை உயர்த்திக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005 இல் அவர் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது, பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது பதினேழு. அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தமைக்காக 2007 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். மேன்முறையீட்டுக்கான சட்டத்தரணிகளின் கட்டணத்தைத் திரட்டிக் கொடுத்தது ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. பணிப்பெண்களின் டொலரால் வாழ்ந்த அரசு அப்பொறுப்பை ஏற்கவில்லை. அதன் பின்னர், பாதுகாப்பின் பெயரால், பணிப்பெண்களுக்கான ஆகக்குறைந்த வயது சவூதி அரேபியாவுக்கு 25 என்றும் ஏனைய மேற்காசிய நாடுகளுக்கு 23 என்றும் பேணப்பட்டது. வயதெல்லை சரியானதா பிழையானதா என்பது வேறொரு வாதம். அது தளர்த்தப்பட்ட விதமே இங்கு நோக்கற்பாலது. வெளிநாடுகளிலிருந்து தொழிலாளர் அனுப்பிய பணம் 2020 இல் ஏறத்தாழ 710 கோடி அமெரிக்க டொலராக இருந்து 2022 இல் ஏறத்தாழ 379 கோடியாக வீழ்ந்தது. அந்த 2022 ஆம் ஆண்டிலேயே அமைச்சரவை வயதெல்லையை எல்லா நாடுகளுக்கும் 21 ஆகக் குறைத்தது. பெண்ணின் வயதை நிர்ணயித்தது திறைசேரியின் வறுமையே.

வளைகுடா உழைப்பை வாங்குகின்றதெனின், மேற்குலகம் மனிதர் வராதிருத்தலை வாங்குகின்றது. 2004 இல் ஐரோப்பிய சமுதாயத்துடன் இலங்கை செய்த மீளேற்பு உடன்படிக்கை 2005 இல் நடைமுறைக்கு வந்தது. தங்கியிருக்க உரிமையற்றோர் எனத் தீர்க்கப்பட்டவரைத் திரும்பப் பெறும் கடப்பாடு அதன் சாரம். 2013 இற் சுவிற்சர்லாந்து திருப்பியனுப்பிய தமிழர் இருவர் இலங்கையிற் கைதுசெய்யப்பட்டுச் சிறையிடப்பட்டனர். சுவிற்சர்லாந்து அனுப்புதலைச் சிறிது காலம் நிறுத்தி, தன் விசாரணை முறையிலிருந்த தவறுகளை ஏற்றுக்கொண்டு, மீண்டும் தொடங்கியது. 2018 ஓகஸ்ற்றில் அந்நாடு இலங்கையுடன் ‘புலப்பெயர்வுப் பங்குடைமை’ என்ற பெயரிலேயே ஓர் உடன்பாடு செய்தது. சிறையிடப்பட்ட இருவரும் அப்பங்குடைமையில் எத்தனையாம் பங்காளர்?

அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி முன்சென்றது. 2013 நவம்பரிற் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டின்போது அதன் பிரதமர் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களை அன்பளிப்பாக அறிவித்தார். 2014 யூலையில், நடுக்கடலில் இடைமறித்த 41 பேரை, கடலிலேயே விரைவாக விசாரித்து, இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களுட் பெரும்பாலோர் சிங்களவர் என்பதையும் குறித்தல் வேண்டும். கப்பற்றளத்தில் நீதி மறுக்கப்படும்போது இனம் பார்க்கப்படுவதில்லை. 2023 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் துனீசியாவுடன் செய்த உடன்பாட்டிலும் அபிவிருத்தி உதவியும் எல்லைக்காவற் பணமும் ஒரே பொதியிற் கட்டப்பட்டன. ஆசியாவாயினும் ஆபிரிக்காவாயினும் விலைப்பட்டியல் ஒன்றே.

இனி, அபிவிருத்தி என்ற சொல்லை நோக்குதல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தால் அனுப்பும் நாடு வளர்கின்றது என்பர். அந்தக் கணக்கில் ஒரு பக்கமே எழுதப்படுகின்றது. 1945 இல் இலவசக் கல்வி ஏற்பட்ட நாள்முதல் இந்நாட்டின் ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு ஆசிரியரும் உழவரதும் தொழிலாளரதும் வரிப்பணத்தால் உருவானவர். கோப்பாய்த் தோட்டக்காரர் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் செலுத்திய வரியும் அதில் உண்டு. அவ்வாறு உருவானவரை பிரித்தானிய, அவுஸ்திரேலிய மருத்துவமனைகள் பயிற்சிச் செலவின்றிப் பெறுகின்றன. வறிய நாடு செல்வந்த நாட்டுக்கு வழங்கும் இவ்வுதவி எந்த உதவிப் புள்ளிவிபரத்திலும் இடம்பெறுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010 இல் மருத்துவப் பணியாளரைச் சர்வதேச ரீதியிற் சேர்த்தல் பற்றிய நடத்தைக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதுவும் விரும்பினாற் பின்பற்றலாம் என்ற தன்மையதே.

‘வறிய நாடு எவ்வாறு பேரம் பேசும்? மறுத்தால் அவர்கள் வேறு நாட்டாரை அழைப்பர்’ என்ற மறுப்பு இங்கு எழும். இதற்குப் பிலிப்பைன்ஸ் விடை தந்துள்ளது. 1995 இற் புளோர் கொன்றெம்பிளாசியன் என்ற பணிப்பெண் சிங்கப்பூரிற் தூக்கிலிடப்பட்டபோது எழுந்த மக்கட் கொதிப்பின் விளைவாக, அவ்வாண்டிலேயே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 2018 இற் குவைத்துக்கு ஆள் அனுப்புவதை அந்நாடு தடைசெய்து, கடவுச்சீட்டைத் தொழிலாளரே வைத்திருக்கும் உரிமை அடங்கிய உடன்படிக்கையைச் சில மாதங்களிற் பெற்றுக்கொண்டது. வெளிநாட்டிலுள்ள தன் பிரசைகளுக்கு 2003 இலேயே வாக்குரிமைக்குச் சட்டஞ் செய்தது. அங்கும் குறைகள் பல உண்டு. ஆயினும் பேரம் பேசும் வலிமை வறுமையால் மாத்திரம் அழிவதில்லை என்பது தெளிவு. இலங்கையிலோ 2024 ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலிலுங்கூட வெளிநாட்டில் உழைப்போர் அங்கிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. வாக்கில்லாதவருக்காக எந்த அமைச்சர் வாதாடுவார்?

பழி முழுவதையும் அரசுகள்மீது சுமத்திவிட்டுப் படித்த சமூகம் கைகழுவவும் இயலாது. கனடாவிலிருந்து வருபவருக்கு மாலையும், குவைத்திலிருந்து வருபவளுக்கு இரகசியப் பேச்சும் வழங்கும் சமூகம் இது. கோயிற் கோபுரத்துக்கு வெளிநாட்டுப் பணம் கேட்கும் கூட்டங்கள் பல. பணம் அனுப்பியவரின் தொழில் நிலைமையைக் கேட்ட கூட்டம் அரிது. பட்டம் பெறுமுன்னரே கடவுச்சீட்டுப் பெறும் மாணவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. வெளியேறுதல் மனித உரிமை. ஆயின் தன் விமானச் சீட்டு உறுதியானதும் ஏனையோரின் உரிமையை மறந்துவிடும் படிப்பு, படிப்பெனத் தகாது.

நீதியான பங்குடைமைக்கு வேண்டுவன எவை? முதலாவதாக, புலம்பெயர் தொழிலாளரின் சங்கங்கள் ஒப்பந்த மேசையில் ஒரு தரப்பாக அமர்தல் வேண்டும். அவர்களுக்கு வாக்குரிமையும் வேண்டும். இரண்டாவதாக, சமூகப் பாதுகாப்பும் ஓய்வூதியமும் தொழிலாளரோடு கடல் கடக்கும் உரிமைகளாதல் வேண்டும்; 1990 ஆம் ஆண்டுச் சமவாயத்தில் இணைய மறுக்கும் நாடு பங்காளி என்று அழைக்கப்படலாகாது. மூன்றாவதாக, பயிற்றப்பட்டவரைப் பெறும் நாடு, பயிற்றிய நிறுவனத்துக்குச் செலவில் ஒரு பங்கைச் செலுத்துதல் வேண்டும். அது பிச்சையன்று, கடன் தீர்த்தல். நான்காவதாக, அபிவிருத்தி உதவியை மீளேற்போடு பிணைத்தல் ஒழிதல் வேண்டும். திருப்பியனுப்பப்படும் ஒவ்வொருவரும் சுயாதீனமான கண்காணிப்பின் கீழன்றி அனுப்பப்படலாகாது.

இவை மிகையான கோரிக்கைகள் என்போர் உளர். தேயிலை ஏற்றுமதி ஒப்பந்தத்தில் எடையும் தரமும் விலையும் நட்டஈடும் வரிக்கு வரி எழுதப்படுகின்றன. மனிதருக்கு அவ்வளவு கேட்பதுதானா மிகை? அடுத்தமுறை ஓர் அமைச்சர் கொழும்பிற் பங்குடைமை என்ற சொல்லை உச்சரிக்கும்போது, பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரேயொரு வினா எழுதல் வேண்டும்: செல்பவரின் ஒப்பம் எங்கே? அவ்விடம் வெறுமையாயின், அத்தாள் பற்றுச்சீட்டேயன்றி ஒப்பந்தமன்று.