கோரிக்கை மனு: முதியோர் நடமாட்டத்தைக் காத்திட வேண்டி

அனுப்புநர்:
மூத்த குடிமக்கள் சங்கத்தினர்,
ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தூத்துக்குடி.

பொருள்: கொரோனா காலத்தில் வீட்டில் முடங்கி நடை தளர்ந்த முதியோருக்கு இயன்முறை சிகிச்சையும் நடமாட்ட வசதிகளும் வழங்கவும், இனிவரும் தொற்றுக்காலத்துக்கு முன்னேற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

65 வயதைக் கடந்தவர்கள் மருத்துவம் போன்ற அவசியத் தேவை தவிர வெளியே வரக்கூடாது என 2020 மே மாதம் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. உயிர் காக்கப் பிறந்த உத்தரவு அது, நாங்களும் கீழ்ப்படிந்தோம். வீட்டுக்குள் நடமாடுங்கள், எளிய உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அறிவுரையும் வந்தது. செய்துகாட்டத்தான் ஆள் வரவில்லை.

எங்கள் ஊர் முதியோர் பலருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. வெற்றிலைக் கொடிக்கால் வேலை, தாமிரபரணிக் குளியல், கடைத்தெரு, சோமநாத சுவாமி கோயில் பிரகாரம் ஆகியவைதான் கால்களுக்கு வேலை கொடுத்தன. எல்லாம் ஒருசேர நின்றன. ஆரோக்கியமான முதியவரே பத்து நாள் படுக்கையில் கிடந்தால் காலில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைகிறது என 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் அகத்தியில் வெற்றிலைக் கொடி கட்டியே வயதானவர். ஊரடங்கு தளர்ந்து கொடிக்காலுக்குக் கிளம்பியபோது, வாசற்படி இறங்கவே நிலையை இரு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடையைக் குறைத்தார். குறைந்த நடை கால்களை மேலும் தளர்த்தியது. இன்று கழிப்பறையில் குந்தினால் தூக்கிவிட மகன் வர வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவரைத் தூக்கித்தான் மாடியேற்றினார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. இரண்டுக்கும் நன்றி. ஆனால் எல்லாம் வீடு தேடி வரும்போது, வெளியே நடக்க இருந்த காரணங்களும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வீட்டில் இருக்கச் சொல்லும் அரசு, வீட்டில் இருப்பவரின் நடையைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டுகிறோம்.

கோரிக்கைகள்:

1. 60 வயதைக் கடந்த அனைவருக்கும் வீட்டிலேயே நடைப் பரிசோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்பது மருத்துவ அளவுகோல். இதற்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும்.

2. இயன்முறை சிகிச்சை படுத்த படுக்கையானவர்களோடு நில்லாமல், நடை தளரத் தொடங்கியவர்களுக்கும் கிடைக்க வேண்டும். வாரம் மூன்று நாளாவது சமநிலை, வலுப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை வீட்டாருக்கும் கற்றுத்தர வேண்டும்.

3. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டத்தில் கைத்தடி, வாக்கர் வழங்கும் முகாமை ஆத்தூரில் நடத்த வேண்டும். ஏழை முதியோர் வீடுகளில் கைப்பிடியும் உட்காரும் கழிப்பறையும் அமைக்க மானியம் வேண்டும்.

4. திருச்செந்தூர் சாலையில் லாரிக்கும் பேருந்துக்கும் ஒதுங்கி நடக்க எங்களால் முடியவில்லை. பேரூராட்சிக்குள் மேடுபள்ளமில்லாத நடைபாதையும், இடையிடையே உட்காரப் பெஞ்சுகளும், விளக்குகளும் அமைக்க வேண்டும்.

5. மீண்டும் ஊரடங்கு வந்தால், முதியோர் இடைவெளி விட்டு நடக்க அதிகாலையில் தனி நேரம் ஒதுக்க வேண்டும். தனித்து வாழ்வோரை வாரம் ஒருமுறை விசாரிக்கப் பணியாளர் வேண்டும். இவற்றை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இப்போதே எழுதிச் சேர்க்க வேண்டும்.

முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. இருக்கும் பணியாளருக்கு ஓர் ஆணை போதும். எனவே அவற்றை உடனே நிறைவேற்றியும், மற்றவை குறித்துச் சுகாதாரத் துறை, சமூக நலத்துறை, பேரூராட்சி அலுவலர்களுடன் எங்களையும் அழைத்துக் கூட்டம் நடத்தியும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தும் உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த குடிமக்கள் சங்கத்தினர், ஆத்தூர்.

நகல்:
1. மாவட்ட சுகாதார அலுவலர், தூத்துக்குடி.
2. மாவட்ட சமூக நல அலுவலர், தூத்துக்குடி.
3. செயல் அலுவலர், ஆத்தூர் பேரூராட்சி.