பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? மலை ஏறினால் உண்மை தெரியும்!

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காடு, கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது.

கோடை வந்துவிட்டால், குடும்பம் குடும்பமாக மக்கள் சேர்வராயன் மலைக்குப் போகிறார்கள். பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் போக வேன் வேண்டும். புது வேன் வாங்கப் பணம் இல்லை. ஆகவே, பழைய வேன்!

ஆனால், செலவு விலையோடு நிற்பது இல்லை. ஏன்?

வயதான வண்டிகள்

குடும்ப வேன் என்றதும் பலருக்கு நினைவு வருவது "மாருதி ஆம்னி". 1984-ல் வந்த இந்த வேன், 2019-ல் நிறுத்தப்பட்டது. புதிய பாதுகாப்பு விதிகளே காரணம். ஆகவே, இன்று விலைக்கு வரும் ஆம்னி எல்லாம் பல ஆண்டு ஓடியவைதான்.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ரூ.600 ஆக இருந்த அந்தக் கட்டணம், 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ரூ.5 ஆயிரம் ஆயிற்று. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கப்பட்டது.

மலை என்ன செய்யும்?

சமவெளியில் வேகமாக ஓடும்போது, எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். மலையில் வண்டி மெதுவாகப் போகும். என்ஜினோ கடுமையாக உழைக்கும். சூடு ஏறும். பழைய ரப்பர் குழாய் வெடிக்கும்.

குழாயை மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான். "இன்னும் நாலு வளைவுதானே" என்று ஓட்டினால் என்ஜினே கெட்டுவிடும். செலவு பல மடங்காகும்!

வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிப்பதால், தேய்ந்த கிளட்ச் பிளேட் கருகும்.

இறங்கும்போது ஆபத்து அதிகம். பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் சூடாகி, ஆயில் கொதிக்கும். பிறகு பிரேக் பிடிக்காது! ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

வரி குறைந்தது, கூலி?

உதிரிப் பாகங்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 18 சதவீதம் ஆயிற்று. வரி சேர்த்து ரூ.1,280 ஆன பாகம், ரூ.1,180 ஆகும். ரூ.100 மிச்சம்.

ஆனால், பழுது பார்க்கும் கூலிக்கான வரி குறையவில்லை. அது முன்பும் 18 சதவீதம்தான். பெரிய பழுது என்றால், கூலியும் பெரிய தொகைதான்.

அதே நாளில் சிறிய புதுக் கார்களின் வரியும் 18 சதவீதம் ஆயிற்று. ஆகவே, பழைய வேனின் விலையோடு பழுதுச் செலவையும் கூட்டி, புது வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முன்பணம் கொடுக்கும் முன், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவருடைய மெக்கானிக் வேண்டாம். ஆட்களை ஏற்றி, ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். பதிவு எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். வாங்கியதும் பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் மூன்றையும் அந்தப் பணத்தில் சரி செய்யுங்கள்.

பிறகு, பாட்டியையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்படலாம்.