பொருந்தாத பக்கத்தகடு

புல்வெட்டும் பழைய உழவு இயந்திரத்தை வாங்குவோர் பலர், பக்கத்தகடு பொருந்தவில்லையென்று அதனைக் கழற்றிக் கொட்டிலில் போட்டுவிடுகின்றனர். நாமும் ஒரு கோடைகாலம் முழுவதும் அவ்வாறே செய்தோம். அது அழகுக்கான தகடன்று. சுழலும் பட்டியிலிருந்தும் சுடும் புகைக்குழாயிலிருந்தும் பிள்ளைகளின் கைகளைக் காப்பது அதுவே. காற்றினாற் குளிரும் எஞ்சின்கள் பலவற்றில் காற்றுச் செல்லும் வழியை வகுப்பதும் அதுவே. எஞ்சின் சூடேறிப் பழுதானால் தகட்டின் விலையன்று, இயந்திரத்தின் விலையே போய்விடும்.

1983 முதல் 1992 வரை வெளிவந்த ஜோன் டியர் 318 போன்றவற்றுக்கு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நெடுநாள் அதிர்வினால் மரையாணிகள் தளரும். றப்பர்த் தாங்கிகள் நசுங்கும். பொனற் ஒருபுறம் சரியும். ஆதலால் குற்றம் பலவேளைகளில் தகட்டினுடையதன்று; அதனைத் தாங்கும் சட்டத்தினுடையது.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பற்றறியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. நசுங்கிய றப்பரை மாற்றுக. பொனற்றின் பிணைச்சலைத் தாங்கும் மரையாணிகளைத் தளர்த்தி, இருபுற இடைவெளியும் ஒத்துவரும்வரை நகர்த்தி இறுக்குக. அதன் பின்னரும் பொருந்தாவிடின் மட்டுமே தகட்டை மரப்பலகைமீது வைத்து மெல்லத் தட்டுக.

எமது தகடு ஒரு மாலைப்பொழுதிற் பொருந்திற்று. முதலில் அவசரப்பட்டு அதனை வளைத்தபோது உண்டான நெளிவு மட்டும் இன்னும் இருக்கின்றது.