தேதி மாறுறதுக்கு முன்னாடி பேப்பரைக் கையில வாங்கிடுங்க

நீளமான த்ரெட். பிரிட்டன்ல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்களுக்கும், இங்க ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ல இருக்கிற அவங்க அப்பா அம்மாவுக்கும். அங்க இருக்கிற டாக்டர் நண்பர்கள் கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

ரெண்டு மாசமா ஓபியில பிரஷர் மாத்திரை வாங்க வர்ற அம்மாக்கள் கேட்கிற கேள்வி இது: "டாக்டரம்மா, லண்டன்ல சட்டத்த மாத்திட்டாங்களாமே, எம்பொண்ணு திரும்பி வந்துடணுமா?" பதில்: உடனே வர வேண்டாம். ஆனா கவலைப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியல.

விஷயம் என்னன்னா, வேலை விசாவுல அங்க போறவர் 5 வருடம் தொடர்ந்து இருந்தா ஐ.எல்.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது வந்துட்டா ஸ்பான்சர் தேவையில்லை, முதலாளி தயவு தேவையில்லை, பிடிக்கலன்னா வேற வேலைக்குப் போகலாம். 2025 மே மாத வெள்ளை அறிக்கை இதை 10 வருடம் ஆக்கப்போவதாகச் சொன்னது. நவம்பர் 20 அன்று உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் விவரத்தை வெளியிட்டார். பொதுவாக 10 வருடம். என்.எச்.எஸ்.ல வேலை பார்க்கிற டாக்டர், நர்ஸுக்கு 5. கேர் ஒர்க்கர் போல "குறைந்த திறன்" பட்டியலில் அவங்க வைக்கிற வேலைகளுக்கு 15. ஏற்கெனவே அங்க இருந்து, இன்னும் ஐ.எல்.ஆர். வாங்காதவங்களுக்கும் இது பொருந்தணும் என்பதுதான் முன்மொழிவு. 2026 ஏப்ரலில் இருந்து படிப்படியா ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க. கருத்து சொல்ல 2026 பிப்ரவரி 12 வரை நேரம் கொடுத்தாங்க.

இப்ப ஒரு வீட்டுக் கணக்கு. எர்ணாவூர் பக்கம் ஒரு அம்மா, என் பேஷன்ட். பொண்ணு இங்க நர்சிங் படிச்சவ, அங்க முதியோர் இல்லத்துல கேர் ஒர்க்கர். 2023ல போனப்போ பையனுக்கு 6 வயசு. ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது 14 லட்சம், பாதி வீட்டுப் பத்திரத்தை வெச்சு வாங்கினது. அஞ்சு வருஷக் கணக்குல பார்த்தா 2028ல பேப்பர் வரும், பையனுக்கு 11. பதினஞ்சுன்னா 2038. பையனுக்கு 21. அதுவரைக்கும் அவ சம்பளம், வீடு, பையன் படிப்பு எல்லாமே ஒரு ஸ்பான்சர் கம்பெனியோட கையெழுத்துல தொங்குது. லைசென்ஸ் போயிடுச்சுன்னா வேற ஸ்பான்சர் தேட 60 நாள். இது கற்பனை பயம் இல்லை. 2022 ஜூலையில் இருந்து 2024 முடியறதுக்குள்ள கேர் துறையில 470க்கு மேற்பட்ட ஸ்பான்சர் லைசென்ஸ்களை ரத்து பண்ணினதா அந்த அரசாங்கமே சொல்லியிருக்கு.

"அதெல்லாம் ஏற்கெனவே போனவங்களைத் தொட மாட்டாங்க"ன்னு சொல்றவங்க நிறைய. 2006ஐ ஞாபகப்படுத்துறேன். அப்ப எச்.எஸ்.எம்.பி.ன்னு ஒரு திட்டத்துல திறமைசாலிகள்னு கூப்பிட்டு அழைச்சவங்களையே தொட்டாங்க. ஏப்ரல் 2006ல நிரந்தர உரிமைக்கான காலத்தை 4ல இருந்து 5 ஆக்கினாங்க. நவம்பர்ல விசா நீட்டிப்பு விதியையும் மாத்தினாங்க, ரெண்டுமே உள்ளே இருந்தவங்களுக்கும் சேர்த்து. அவங்க சங்கம் வெச்சு கோர்ட்டுக்குப் போய் 2008லயும் 2009லயும் ஜெயிச்சாங்க. ஜெயிச்சதுக்குக் காரணம், வரும்போது கொடுத்த வழிகாட்டுதல் எழுத்துல இருந்தது. அப்படியும் மூணு வருஷம் போச்சு. அதுக்குள்ள மூட்டை கட்டினவங்களுக்கு யாரும் ஃபிளைட் டிக்கெட் எடுத்துக் கொடுக்கல. இந்தத் தடவை அமைச்சர் முதல்லயே சொல்லிட்டார், நிரந்தர வசிப்பு உரிமை இல்ல, சலுகைன்னு.

இதை வட சென்னையில உட்கார்ந்து சொல்றதுக்கு எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் எப்படி வந்துச்சு? செகண்ட் லைன் பீச்ல அத்தோ எப்படி வந்துச்சு? வியாசர்பாடியில குடியேறினவங்க யார்? ரங்கூன்ல தலைமுறை தலைமுறையா இருந்தவங்க. 1948 சுதந்திரத்துக்கு அப்புறம் பர்மா குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. நிறைய பேர் போடல. போட்ட பல பேருக்கு முடிவு வரல. இங்கதானே பொறந்தோம், இங்கதானே கடை இருக்குன்னு இருந்துட்டாங்க. 1962ல நே வின் வந்தார். 1964ல கடைகளை அரசுடைமை ஆக்கினாங்க, மே 17ல 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது ஆக்கினாங்க. கப்பல் ஏறி நம்ம ஹார்பர்ல வந்து இறங்கினப்போ அவங்க கையில என்ன இருந்ததுன்னு வியாசர்பாடியில எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும்.

இலங்கை மலையகக் கதை இதைவிடக் கசப்பு. 1948 குடியுரிமைச் சட்டம் அவங்களை வெளியே தள்ளுச்சு. 1949ல இன்னொரு சட்டம் வந்து, இத்தனை வருஷம் தொடர்ந்து இருந்ததுக்கு ஆதாரம் காட்டி 1951 ஆகஸ்ட் 5க்குள்ள விண்ணப்பிக்கணும்னு சொல்லுச்சு. தலைவர்கள் முதல்ல புறக்கணிக்கச் சொன்னாங்க. நியாயமான கோபம்தான். ஆனா கடைசி நேரத்துல எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு மனு போட வேண்டியதாச்சு. கிட்டத்தட்ட எட்டேகால் லட்சம் பேருக்காக மனு போச்சு, ஏற்கப்பட்டது சுமார் 1,34,000 பேருக்கு. தேயிலைத் தோட்டத்துல ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் பத்திரமா வெச்சிருக்க யாருக்கு லயத்துல இடம் இருந்தது?

அதனால, "உழைச்சோம், வரி கட்டினோம், நம்மள எப்படி"ன்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சல் வருது. உழைப்பை எந்த நாட்டுக் கவுன்ட்டர்லயும் வாங்கிக்க மாட்டாங்க. பேப்பரைத்தான் வாங்கிப்பாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, "நம்ம வரிப்பணத்துல படிச்சுட்டு ஓடுறாங்க"ன்னு திட்டுறவங்க. 2015ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா நர்சுகளை எடுத்தப்போ தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னாங்க. அதுல பல பேர் நிரந்தரம் கேட்டு இன்னும் ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க. இங்க 2 வருஷம் நீண்டுக்கிட்டே போகுது, அங்க 5 வருஷம் நீளுது. ரெண்டு பக்கமும் கயிறு நீளும்போது போனவளைத் திட்ட எனக்கு மனசு வரல. நான் இங்கதான் இருக்கேன், இருப்பேன். அது என் முடிவு, அவங்க தலையில கட்ட மாட்டேன்.

செய்ய வேண்டியது: 5 வருடம் முடியறதுக்கு 28 நாள் முன்னாடியே ஐ.எல்.ஆர்.க்கு விண்ணப்பிக்கலாம். தகுதி வர்றவங்க அந்த முதல் நாள்லயே போடுங்க. அடுத்த மாசம் போனஸ் வந்ததும் போடலாம்னு தள்ளாதீங்க. கட்டணம் 2025ல ஒரு ஆளுக்கு 3,029 பவுண்டா இருந்தது, கடன் வாங்கியாவது கட்டுங்க. "லைஃப் இன் தி யூகே" தேர்வை இப்பவே எழுதிடுங்க. எந்த 12 மாசத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல வெளிநாட்டுல இருந்திருக்கக் கூடாது. ஊருக்கு வந்து போன தேதியெல்லாம் எழுதி வைங்க. சம்பளச் சீட்டு, பழைய ஸ்பான்சர் கடிதம், விசா வந்தப்போ இருந்த விதியோட பிரின்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க. 2006ல போனவங்களைக் காப்பாத்தினது அந்த மாதிரிக் காகிதம்தான்.

பெற்றோருக்கு: தங்கசாலை பக்கம் "விதி மாறுறதுக்குள்ள ஐ.எல்.ஆர். வாங்கித் தர்றோம்"னு எவனாவது சொன்னா போயிடுங்க. காசு கொடுத்து நாளைக் குறைக்க முடியாது. கேர் ஒர்க்கர் விசாவுக்கு வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்கிறதே 2025 ஜூலை 22ல நின்னு போச்சு, இப்ப அதை விக்கிறவன் ஏமாத்துறான். இந்தியாவுல பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்ற அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதினாலு லட்சம் இல்ல.

இனி டாக்டர் நண்பர்களுக்கு. நவம்பர் 20 அன்னிக்கு நம்ம பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல வந்ததெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு: "நமக்கு அஞ்சுதான்டா." கேர் ஒர்க்கர் பத்தி ஒரு மெசேஜ் இல்ல. நீங்க டிஸ்சார்ஜ் பண்ற தாத்தாவை அங்க யார் குளிப்பாட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பிரிவினையும் புதுசு இல்ல. 1962 ஜூலை 1 வரைக்கும் காமன்வெல்த் குடிமக்கள் யார் வேணா பிரிட்டனுக்குப் போய்த் தங்கலாம். தடை வர்றதுக்கு முன்னாடி போயிடணும்னு அடிச்சுப் பிடிச்சு ஓடினாங்க. அப்புறம் வவுச்சர் வந்தது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் 'பி' வகை, சாதாரணத் தொழிலாளிக்கு 'சி' வகை. 1965ல 'சி'யை மூடினாங்க. டாக்டர்கள் நிம்மதியா இருந்தாங்க. 1975ல இந்திய எம்.பி.பி.எஸ்.க்கு இருந்த அங்கீகாரம் போச்சு, தேர்வு எழுதித்தான் உள்ளே வரணும்னு ஆச்சு. உங்கள்ல பாதி பேர் ராத்திரி முழிச்சு எழுதின பிளாப் அங்க ஆரம்பிச்சதுதான். 2026 ஜனவரி 13லகூட ஸ்பெஷாலிட்டி டிரெயினிங் இடங்கள்ல அந்த நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமைன்னு ஒரு மசோதா வந்தது. கேர் ஒர்க்கர் வரிசையில முன்னாடி நிக்கறாங்க, நீங்க பின்னாடி நிக்கறீங்க, அவ்வளவுதான்.

அந்தக் கருத்துக் கேட்பு படிவம் 2026 பிப்ரவரி 12 வரைக்கும் ஆன்லைன்ல இருந்தது, யார் வேணா நிரப்ப முடிஞ்சது. ஏற்கெனவே அங்க இருக்கிறவங்களைப் பழைய விதியிலயே விடணும், கேர் ஒர்க்கர் உட்பட, அப்படின்னு எழுதுங்க. உங்க வார்டுல பார்த்த உதாரணம் ஒண்ணு சேருங்க. உங்களுக்கு ஏற்கெனவே சிவப்பு பாஸ்போர்ட்டா, நீல பாஸ்போர்ட்டான்னு பிரச்சினை இல்ல. இங்கிலீஷ் தடுமாறுற கேர் ஒர்க்கர் தெரிஞ்சவங்க இருந்தா பக்கத்துல உட்கார்ந்து அவங்க படிவத்தையும் நிரப்பிக் கொடுங்க.

கடைசி நாள் 2026 பிப்ரவரி 12, வியாழக்கிழமையா இருந்தது. ஆவணம் பத்தி சந்தேகம் இருக்கிறவங்க கீழ கேளுங்க. ஓபி முடிஞ்சு மூணு மணிக்கு மேல பார்க்கிறேன். தனிப்பட்ட கேஸ் சிக்கல்னா எங்கிட்ட கேட்காம அங்க பதிவுபெற்ற குடிவரவு வக்கீலைப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சது பிரஷரும் சுகரும்தான்.