தூர்வாரிய பிறகு கண்மாய்க்கு யார் பொறுப்பு?

2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதிலிருந்து, கண்மாயைக் காப்பது என்றாலே தூர்வாருவதுதான் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். பொக்லைன் இறங்கி மண்ணை அள்ளிவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. இந்தக் குழப்பம் தீர வேண்டும்.

கண்மாய் வெறும் பள்ளம் அல்ல. வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும், கரை தாங்க வேண்டும், மடை அளந்து விட வேண்டும், மிஞ்சியது கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போக வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கலாம், மீன் வளரலாம், கிணறுகளில் ஊறலாம். பாசனத்துக்கு மோட்டார்தான் வேண்டும். எங்கே, எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதை மடை திறந்து பழகியவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அவர்தான் நீர்பாய்ச்சி, சில ஊர்களில் நீர்கட்டி. கண்மாய் பெருகும் நாட்களில் ராத்திரியிலும் கரையைச் சுற்றிவந்து கசிவு பார்ப்பவர். தண்ணீர் தட்டுப்பாடான வருஷத்தில் நிலத்துக்காரர் யாரும் மடையில் கை வைக்கக் கூடாது. அவரே வயல் வயலாகப் பாய்ச்சுவார், கடைமடையும் காயாதபடி. அறுவடையில் நெல்லாகக் கூலி. பல ஊர்களில் இந்தப் பொறுப்பு தலித் குடும்பங்களிடம் இருந்தது. தண்ணீரை நம்பி ஒப்படைத்த ஊர், மரியாதையில் அவர்களைத் தள்ளியே வைத்தது. பழைய முறையைப் புகழ்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

உத்திரமேரூரின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. அங்கே பொறுப்போடு அதிகாரமும் சபையிடம் இருந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டமோ, ஊரார் வேலைக்கு வந்தாக வேண்டும் என்பதை மட்டும் சட்டமாக்கியது. இன்றும் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம்.

புதிய குடிமராமத்தில் செலவில் 10 விழுக்காட்டை, பணமாகவோ உழைப்பாகவோ, பாசனதாரர்கள் ஏற்க வேண்டும் என்றார்கள். நியாயமான விதி. அப்படியானால் மீன்பாசி ஏலத்திலும் கருவேல மர ஏலத்திலும் வரும் பணமும் பாசனதாரர் சங்கத்தின் கணக்குக்கே வரட்டும். நீர்பாய்ச்சியின் சம்பளத்தை அதிலிருந்து மாதாமாதம் கொடுக்கலாம். அந்தச் சங்கத்தில் நிலமில்லாத அவருக்கும் ஓட்டு வேண்டும்.