முற்றத்துச் சங்கீதமும் அடுத்த வீட்டு உறக்கமும்

மாலையில் வெயில் தணிந்ததும் முற்றத்திலோ, திண்ணையிலோ, மொட்டை மாடியிலோ பாயை விரித்து உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டே நல்ல சங்கீதம் கேட்பது ஒரு பெரிய பாக்கியம். சில காலத்துக்கு முன்வரை அது தனவந்தர்களுக்கே உரிய சுகமாயிருந்தது. இன்று அப்படியில்லை. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கக்கூடிய ஒலிபெருக்கிகளைச் சாதாரணக் குடும்பஸ்தரும் சில ஆயிரம் ரூபாய் செலவில் வாங்கித் தம் முற்றத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு நல்ல பொருள் எல்லோருக்கும் எட்டும்படி விலை குறைவதை நாம் எப்போதும் வரவேற்கிறவர்கள். இதையும் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் பொருள் பரவிய வேகத்தில், அதை உபயோகிக்கும் விவேகம் நம்மிடையே பரவவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்பது சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. 1924-ம் வருஷத்தில் சென்னை மாகாண ரேடியோ கிளப் இங்கே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1930-ல் அந்தப் பணியை நகரசபை ஏற்று நடத்தியது. அக்காலத்தில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஆரம்பமாயிற்று. வீட்டில் ரேடியோப் பெட்டி இல்லாதவர்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அன்று ஒலிபெருக்கியைத் தேடி ஜனங்கள் போனார்கள். இன்று ஒலிபெருக்கி ஜனங்களைத் தேடி வருகிறது. அன்று பிடிக்காதவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இன்று அவர் வீட்டிலேதான் இருக்கிறார்; எழுந்து எங்கே போவார்?

இவ்விஷயத்தில் பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கோடை தொடங்குகிற சமயம், நாமும் நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெரிய ஒலிபெருக்கியை வாங்கி வைத்தோம். கடைக்காரர் சொன்ன ‘வாட்’ கணக்கில் மயங்கி, தேவைக்கு நாலு மடங்கு பெரியதாகவே வாங்கினோம். அதைக் கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்தி, எதிர்க் கோடியில் நாற்காலி போட்டுக் கச்சேரி கேட்டோம். மூன்றாம் நாள் இரவு அடுத்த வீட்டுக்காரர் வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “கச்சேரி ரொம்ப நன்றாயிருக்கிறது, ஐயா. நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். குழந்தைக்கு நாளைக்குப் பரீட்சை; எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி அவளைப் படிக்கச் சொல்லுவேன்” என்றார். அவர் திட்டியிருந்தால் நாம் வாதாடியிருப்போம். வாதத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது அவருடைய மரியாதை. தம் வீட்டில் தம் பெண் படிப்பதற்கு நம்மிடம் நேரம் கேட்டுக்கொண்டு அவர் வர வேண்டியிருந்தது என்ற எண்ணம் அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகே இதைப்பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிடைத்த விடை வியப்பைத் தந்தது. பக்கத்து வீட்டாரின் நிம்மதிக்கு எது நல்லதோ அதுவே நம் பணப்பைக்கும் நல்லது. நம் காதுக்கும் அதுவே நல்லது.

சாஸ்திரம் எளிது. திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து நாம் விலகும் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓசை சுமார் 6 டெஸிபல் குறைகிறது. அறையில் சுவர்கள் ஓசையைத் திருப்பிக் கொடுத்து உதவும். வெளியில் அந்த உதவி இல்லை. ஒரு சாதாரண ஒலிபெருக்கி, ஒரு வாட் சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெஸிபல் ஓசை தரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டரில் அது 82, நான்கில் 76, எட்டில் 70. எதிரே இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெஸிபல். ஆகவே 65 டெஸிபல் இருந்தால் முற்றத்தில் சங்கீதம் சுகமாகக் கேட்கும்.

இப்போது இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒலிபெருக்கி நாற்காலிக்கு எட்டு மீட்டர் தள்ளி மதில் சுவரோரம் இருக்கிறது என்றால், நம் காதில் 65 விழுவதற்கு அதன் முன்னே ஒரு மீட்டரில் 83 டெஸிபல் முழங்க வேண்டும். அதன் முதுகுப் பக்கத்தில் ஓசை சற்றுக் குறைவுதான். என்றாலும் மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனமான நாதங்கள் எல்லாத் திசைகளிலும் பரவும். சுவரைக் கடந்தும் போகும். மதிலுக்கு அப்பால் ஜன்னலண்டை படுத்திருப்பவர் நம்மைவிட அதிகமாகக் கேட்கிறார்! அதே ஒலிபெருக்கியை நாற்காலிக்கு இரண்டு மீட்டரில், தாழ்வாரத்து உத்தரத்தின்கீழ் மாட்டினால், நமக்கு அதே 65 கிடைக்கும். எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் மதிலண்டை 53 ஆகத் தேய்ந்துவிடும். இதற்கு வேண்டிய சராசரி சக்தி ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான். திடீரென்று எழும் ஓர் அடிக்கு அதைப்போல் நூறு மடங்கு வேண்டுமென்றாலும் இரண்டு வாட்டே ஆகிறது. ஆயிரம் வாட் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை நம்பிப் பணத்தைக் கொட்டுவது எவ்வளவு அநாவசியம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். பி.எம்.பி.ஓ. என்று போடும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம், ஆர்.எம்.எஸ். என்ற எண் எவ்வளவு என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

எனவே நம் யோசனை இது: தூரத்தில் பெரியதாய் ஒன்று வேண்டாம், அருகில் சிறியதாய் இரண்டு போதும். இரண்டையும் வீட்டுச் சுவரில் மாட்டி, முகம் சற்றுக் கீழ்நோக்கி, உட்காருமிடத்தைப் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும். இரண்டு சேர்ந்தால் ஓசை கூடுமாதலால் ஒவ்வொன்றையும் அதற்கேற்பத் தணித்துக்கொள்ளலாம். கனத்த நாதத்துக்கென்று தனியாக விற்கும் பெரிய பெட்டி முற்றத்துக்கு வேண்டியதில்லை; அண்டை வீட்டாரின் தூக்கத்தை முதலில் கெடுப்பது அதுவே. திருவிழாக்களில் மரத்தில் கட்டும் கூம்பு வடிவக் குழாயும் வீட்டுக்கு உதவாது. நெடுந்தூரத்திலிருப்பவருக்குப் பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்பட்டது.

மற்ற ஏற்பாடுகளிலும் சிக்கனத்துக்கு வழியுண்டு. ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 230 வோல்ட் மின்சாரம் நனையும் இடத்துக்குப் போக வேண்டாம். ஒலிபெருக்கிக் கம்பி மட்டும் வெளியே போனால் போதும். 15 மீட்டர் தூரம் வரையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதுமானது. செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவென்று வாங்கினால் ஓசை வழியிலேயே வீணாகும். கம்பி சுவருக்குள் நுழையுமிடத்தில் அதைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். மழைத்தண்ணீர் கம்பியோடு உள்ளே ஓடாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை ஒரே முனையில் இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனையும் இடமானால் ஐ.பி. 65 என்ற குறியுள்ளதை வாங்குவது நலம். முதல் எண் தூசிக்கும், இரண்டாவது எண் தண்ணீருக்கும் உள்ள பாதுகாப்பைக் காட்டும். இறவாணத்துக்கு உட்புறமானால் சாரல் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 4 போதும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரணத் திருகாணிகளை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்தவற்றையே போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிரஜைகள் அறிந்திருக்க வேண்டும். மத்திய சர்க்கார் 2000-ம் வருஷத்தில் ஒலி மாசு விதிகளைப் பிறப்பித்தது. குடியிருப்புப் பகுதிகளில் பகலுக்கு 55 டெஸிபல், இரவுக்கு 45 டெஸிபல் என்று அவை வரம்பு கட்டின. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. தனியார் வீட்டு ஒலிக்கருவியின் ஓசை, அந்த இடத்தின் எல்லையில், அப்பகுதிக்குரிய வரம்பை 5 டெஸிபலுக்குமேல் மீறக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் உத்தரவிட்டது. 2010-ல் அது விதியிலேயே சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 2000-ல், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று அதே கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. தெய்வத்தின் பெயராலும் கிடைக்காத உரிமை நம் பொழுதுபோக்கின் பெயரால் கிடைக்குமா?

ஆனால் சட்டத்தை மட்டும் நம்பி இவ்விஷயத்தை விட்டுவிடுவது நமக்குச் சம்மதமில்லை. இரவு பத்து மணிக்குப் போலீஸுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அதே மனிதரைத் தெருவில் பார்த்துச் சிரிப்பது எளிதல்ல. அதனாலேயே நம் ஜனங்களில் பலர் வாய் திறவாமல் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வது பெரிய பிசகு. ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோயாளி இருக்கிறார். இராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் கண்ணயரும் தொழிலாளி இருக்கிறார். தொட்டிலில் ஒரு சிசு இருக்கிறது. அவர்களில் யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டி நேரம் கேட்கப் போவதில்லை.

1947-ல் நாம் பெற்ற சுதந்திரம் அவரவர் இஷ்டப்படி நடப்பதற்கு மட்டும் கிடைத்த அநுமதியன்று. அந்நியன் நம்மை அடக்கிவைத்த நிலை போய், நம்மை நாமே அடக்கிக்கொள்ளும் நிலை வருவதே ஸ்வராஜ்யம் என்று நம் பெரியோர் போதித்தார்கள். அந்தப் பாடத்தைச் சட்டசபையில்தான் அநுஷ்டிக்க வேண்டுமென்பதில்லை, முற்றத்திலும் அநுஷ்டிக்கலாம்.

ஒலிபெருக்கி மாட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பாட்டை ஓடவிட்டு, தம் வீட்டு வாசலைத் தாண்டி, அடுத்த வீட்டு ஜன்னலண்டை போய் ஒரு நிமிஷம் நின்று கேட்க வேண்டும். பாட்டின் சொற்கள் அங்கே தெளிவாக விழுந்தால், திரும்பி வந்து ஓசையைக் குறைக்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. நாமும் பெரிய ஒலிபெருக்கியை விற்றுவிட்டு, சிறியவை இரண்டைத் தாழ்வாரத்தில் மாட்டியபின் அவ்வாறு போய் நின்றோம். உள்ளே அந்தப் பெண் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுச் சங்கீதம் அங்கே கேட்கவில்லை. அவள் குரல்தான் கேட்டது.